தாத்தாவின் தலைவிளக்கும் 2,880 படங்களும்

கேள்வி: நாகர்கோவிலில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஓர் அனிமேஷன் குறும்படம் எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் கல்லூரியின் நிபந்தனை. நாங்கள் நான்கு நிமிடம் என்று முடிவு செய்தோம். கதை என்னுடையது: ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும் என் தாத்தாவின் ஒரு விடியற்காலை. வரையத் தெரிந்தவள் நான் மட்டும்தான். ஒருவன் முப்பரிமாணத்தில்தான் செய்ய வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறான். மற்ற மூவரும் "நீ சொல், செய்கிறோம்" என்கிறார்கள். ஒருமுறை வரையக் கொடுத்தேன். சரியாக வரவில்லை, நானே திருத்தி வரைந்தேன். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. முடிந்திருப்பது இருபது விநாடி. ஆசிரியரிடம் புகார் சொல்லட்டுமா, தனியாகவே முடித்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: புகாரை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 அசையாப் படங்கள். வரைந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். நான்கு நிமிடத்துக்கு 2,880 படங்கள். ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றால் 720 மணி. அதை 42 நாளில் முடிக்க, தினமும் பதினேழு மணி நேரம் வரைய வேண்டும். முடிந்த இருபது விநாடியைக் கழித்தாலும் பதினாறுக்கு அருகில்தான் நிற்கும். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்வரும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. தனியாக முடிப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

படத்தைத் தொண்ணூறு விநாடிக்குக் குறையுங்கள். மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் உங்கள் கதையில் நடப்பது என்ன? ஒரு மனிதர் இருட்டில் எழும்புகிறார், மரத்தருகே போகிறார், வெட்டுகிறார், பால் இறங்குகிறது, விடிகிறது. அதற்குத் தொண்ணூறு விநாடி தாராளம்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். "நீ சொல், செய்கிறோம்" என்றவர்களிடம் நீங்கள் எதைச் சொன்னீர்கள்? உங்களால் மட்டுமே முடிகிற வேலையைக் கொடுத்தீர்கள். சரியில்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். நானும் மாணவப் பருவத்தில் இதையே செய்தவன். எல்லாவற்றையும் என் பென்டிரைவிலேயே வைத்திருந்தேன். அதைத் தொலைத்த அன்று அழக்கூட ஆள் துணை இல்லை. ஆகவே, வரையத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய படமாக இதை மாற்றுங்கள்.

வழி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு, இடையில் பாவை. மூட்டுகளில் பிரித்துக் கோத்திருப்பதால் கையும் தலையும் தனித்தனியாக அசையும். இந்த வித்தையைப் படச்சுருளுக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, பிரேம் பிரேமாக நகர்த்தி 1926-இல் முழுநீளப் படமே வெளியிட்டார்.

உங்கள் கதை நடப்பதே இருட்டில். தாத்தாவின் முகத்தை வரையவே தேவையில்லை. கறுத்த உருவம், நெற்றியில் தலைவிளக்கு, இடுப்பில் கொசுவர்த்தி இருந்தால் அதிலிருந்து எழும் மெல்லிய புகை, அவ்வளவுதான். தாத்தாவைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக ஒரே ஒருமுறை வரையுங்கள். அதன் பிறகு அவரை அசைப்பது யாருக்கும் கைவரும். ரப்பர் மரங்கள் வரிசையாகத்தானே நிற்கின்றன? நான்கு மரம் வரைந்தால் தோட்டம் முழுவதும் நட்டுவிடலாம்.

நீங்கள் உயிரைக் கொடுத்து வரைய வேண்டிய காட்சி ஒன்றே ஒன்று. கத்தி பட்டையைச் சீவுகிறது. சாய்ந்த கோட்டில் முதலில் பொட்டுப் பொட்டாகப் பால் துளிர்க்கிறது. பொட்டுகள் சேர்ந்து கோடாகிறது. கோடு சரிந்து மரத்தில் செருகிய தகட்டுக்கு வந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, சிரட்டையில் விழுகிறது. கறுப்புப் படத்தில் வெள்ளையாக இருப்பது அது மட்டும்தான். பத்து விநாடி, 120 படங்கள். இதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முப்பரிமாணம் கேட்கும் தம்பியோடு சண்டை வேண்டாம். பிளெண்டர் இலவச முப்பரிமாண மென்பொருள். தட்டையான மரங்களை அதற்குள் முன்னும் பின்னுமாக நிறுத்திவிட்டு நடுவே கேமராவை நடக்கவிடச் சொல்லுங்கள். அருகிலுள்ள மரம் விரைந்து கடக்கும், தொலைவிலுள்ளது மெல்ல நகரும். தோட்டத்துக்கு ஆழம் வந்துவிடும். அவர் ஆசையும் நிறைவேறும். தாத்தாவையே முப்பரிமாணத்தில் செய்கிறேன் என்று ஆரம்பித்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். உருவம் செய்து, அதை அசைக்க உள்ளே எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்தி, நடக்க வைப்பதற்குள் ஆறு வாரமும் போய்விடும்.

மற்ற மூவரில் ஒருவர் ஒலி, ஒருவர் தாத்தாவின் அசைவுகள், ஒருவர் படத்தொகுப்பு. தொகுப்பவர் கடைசியில் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முதல் வேலையே அவருடையதுதான். கதைப்பலகையில் நீங்கள் கிறுக்கிய கட்டங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒலியோடு தொண்ணூறு விநாடிக்கு அடுக்கச் சொல்லுங்கள். அனிமேட்டிக் என்பது இதுதான். ஐவரும் உட்கார்ந்து பத்துத் தடவை பாருங்கள். சலிக்கிற இடத்தை அங்கேயே வெட்டுங்கள். வரைந்து முடித்த பிறகு வெட்டினால் நெஞ்சு வலிக்கும். தினமும் இரவு எல்லாக் கோப்புகளும் இரண்டு இடங்களில் சேமிக்கப்படுவதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒலியைக் கடன் வாங்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் காட்டுச் சத்தம் எந்த நாட்டுக் காடோ! சருகு மிதிபடுவதும், கத்தி பட்டையை உரசுவதும், காய் வெடித்துக் கொட்டை சிதறுவதும் உங்கள் தோட்டத்திலேயே கிடைக்கும். பேச்சு வேண்டுமென்றால் தாத்தாவின் குரலில் ஒரு வரி போதும். "மக்களே" என்று அவர் உங்களைக் கூப்பிடுவதைச் சென்னைத் தமிழாக மாற்றிவிடாதீர்கள்.

ஆசிரியரிடம் போங்கள், புகாரோடு அல்ல. நீளத்தைக் குறைத்ததையும் யார் யாருக்கு என்ன வேலை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் வேலை செய்யாவிட்டால், அந்தத் தாளைப் பார்த்து ஆசிரியரே கேட்பார்.

வரும் சனிக்கிழமை நால்வரையும் உங்கள் வீட்டில் தங்க வையுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்துச் சீக்கிரம் உறங்கச் சொல்லுங்கள். விடிவதற்கு முன்பே பால் நன்றாக இறங்கும் என்பதால் தாத்தா உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். அவர் கிளம்பும்போது ஐவரும் பின்னாலேயே போங்கள். வெட்டும்போது எந்தக் கால் முன்னால், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த மரத்துக்கு எத்தனை எட்டு என்று அசைவுக்குப் பொறுப்பானவர் எண்ணி எழுதட்டும். மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை. ஈரப் பட்டையில் அவர் கத்தி வைக்க மாட்டார்.