பணம் கேட்கும் ஆய்விதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: நான் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வாளர். மின்னஞ்சலில் வந்த அழைப்பை நம்பி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். ஐந்தாம் நாளே ஏற்புக் கடிதமும் கட்டண விவரமும் வந்தன. சந்தேகம் எழுந்ததால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இதுவரை பணம் கட்டவில்லை, எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. அதே கட்டுரையை இப்போதே வேறு இதழுக்கு அனுப்பலாமா? அப்படி அனுப்பும்போது துறைத்தலைவரின் பெயரையும் சேர்க்கும்படி நெறியாளர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அனுப்பலாம். ஆனால் முதல் இதழுக்கு விலகல் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் இரண்டு வார அவகாசமும் முடிந்த பிறகே அடுத்த இதழை அணுக வேண்டும். ஒரே கட்டுரை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களின் பரிசீலனையில் இருக்கக் கூடாது என்பது ஏறத்தாழ எல்லா ஆய்விதழ்களும் கட்டுரையாளரிடம் உறுதிமொழியாகவே வாங்கிக்கொள்ளும் விதி. கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்கும் மதிப்பீட்டாளர்கள் ஊதியமில்லாமல் செய்யும் வேலை வீணாகிறது என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடக் கனமான காரணம் வேறு: ஒரே தரவு இரண்டு இடங்களில் வெளியானால், பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்து முடிவு காண்பவர்கள் அதை இரண்டு தனி ஆய்வுகளாகக் கணக்கிட்டுவிடுவார்கள். போலி இதழுக்கு எதற்கு இந்த மரியாதை என்று நீங்கள் நினைக்கலாம். இது அந்த இதழுக்குக் காட்டும் மரியாதை அல்ல. அடுத்த இதழாசிரியருக்கு உங்கள் பின்கதை எதுவும் தெரியாது; முதல் இதழ் உங்களைக் கேட்காமலே கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டால், ஒப்புமை காட்டும் மென்பொருளில் சிக்குவது உங்கள் இரண்டாவது சமர்ப்பிப்புதான்.

கடிதம் எழுதும் முன் அந்த இதழ் உண்மையிலேயே போலிதானா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். விரைவாக ஏற்றதே குற்றமாகிவிடாது. மதிப்பீட்டு அறிக்கை எதுவும் இல்லாமல் ஏற்றதுதான் குற்றம். ஆகவே மதிப்பீட்டாளர்களின் அறிக்கையைக் கேளுங்கள். ஐஎஸ்எஸ்என் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது தொடர் வெளியீடுகளுக்குத் தரப்படும் அடையாள எண்ணே தவிர தரச் சான்று அல்ல. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இடம்பெற்றுள்ளதாகச் சொன்னால், அவர்கள் தரும் இணைப்பைச் சொடுக்காமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து வேறொரு தளம் நடத்தும் நகல் இதழ்கள் பெருகிவிட்டதால், பட்டியலில் உள்ள இதழின் முகவரியும் நீங்கள் கட்டுரை அனுப்பிய முகவரியும் ஒன்றுதானா என்பதையும் ஒப்பிட வேண்டும். ‘யூஜிசி கேர்’ எனும் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலில் இருக்கிறோம் என்ற விளம்பரத்துக்கு இன்று மதிப்பில்லை. 2018இல் அறிவிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் வலை புதிதல்ல. 2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காகச் செய்தியாளர் ஜான் பொஹானன் வேண்டுமென்றே பிழைகளை வைத்து எழுதிய ஒரு போலிக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பியபோது 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தில் இயங்கிய ஓமிக்ஸ் என்ற ஆய்விதழ் வெளியீட்டு நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016இல் தொடுத்த வழக்கில் வைத்த புகார்களைப் படித்தால் உங்கள் கடிதத்தைப் படிப்பது போலவே இருக்கும்: கட்டுரை ஏற்கப்படும் வரை கட்டணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, பிறகு திரும்பப் பெறவும் விடுவதில்லை. 2019இல் நீதிமன்றம் அந்த நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

இனி கடிதம். முதலில் கட்டுரையை அனுப்பிய அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, இணைக் கட்டுரையாளர்கள் எல்லோருக்கும் நகல் வைத்து எழுதுங்கள். கட்டுரையின் தலைப்பு, அவர்கள் கொடுத்த எண், அனுப்பிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கட்டுரையாளர்கள் அனைவரும் சேர்ந்து அதை விலக்கிக்கொள்வதாகவும், பதிப்புரிமையை யாருக்கும் மாற்றித் தரவில்லை என்பதையும், வெளியிட ஒப்புதல் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். குற்றச்சாட்டும் கோபமும் அதில் வேண்டாம். பின்னால் இந்தக் கடிதத்தை மூன்றாம் நபர் ஒருவர் படிக்க நேரலாம். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டாலும், பணம் கேட்டு மட்டுமே பதில் வந்தாலும், இன்னொரு கடிதத்தில் விலகலை உறுதிப்படுத்திவிட்டு உங்கள் வழியில் போகலாம். விலகல் கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. கட்டினால் விட்டுவிடுவார்கள் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

நீங்கள் எதிலும் கையெழுத்திடாதது பெரிய நல்ல செய்தி. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ அவர் அதிகாரம் அளித்த முகவரோ கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது சட்டம் தெரிந்தவரிடம் படிவத்தைக் காட்டிய பிறகே அடுத்த அடி எடுத்து வைக்கச் சொல்லியிருப்பேன்.

புதிய இதழுக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்தில் நடந்ததை மூன்று நான்கு வரிகளில் சொல்லி, விலகல் கடிதத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள். இதைப் பார்த்துச் சில இதழாசிரியர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பக்கூடும். அது நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்துவிட்டு, வெளியான பிறகு கண்டுபிடிக்கப்பட்டால், கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக இதழே அறிவிக்கக்கூடும். அந்தக் குறிப்பு உங்கள் பெயரோடு இணையத்தில் நிற்கும்.

துறைத்தலைவர் விவகாரம் இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அங்கே எதிரில் இருப்பவர் முகம் தெரியாதவர் அல்ல. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒருவரைக் கட்டுரையாளராகச் சேர்க்க வகுத்த அளவுகோல், துறை கடந்தும் பல இதழ்கள் எடுத்தாளுவது, நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது கருத்துசார்ந்து திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதித்ததும் கோப்பில் கையெழுத்திட்டதும் நன்றியுரைக்கு உரியவை. நெறியாளரிடம் இதை ஒரு மறுப்பாகச் சொல்ல வேண்டியதில்லை, யார் என்ன செய்தார் என்று கேட்கும் பங்களிப்புப் படிவத்தை இன்று பல இதழ்கள் வைத்திருக்கின்றன, அதை அவர் முன் வைத்து, “ஐயா, இதில் தலைவர் பெயருக்கு நேராக என்ன எழுதட்டும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமலே பேச்சு நின்றுவிடும். மறு பகுப்பாய்வு போன்ற வேலை உண்மையிலேயே மீதமிருந்து, தலைவரும் அதைச் செய்ய முன்வந்தால் பெயர் சேர்ப்பதில் தவறில்லை. அவருக்கே தெரியாமல் அவர் பெயரைப் போடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் மானியக் குழுவின் 2022 விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கிறதா என்பதை, நீங்கள் பதிவு செய்த ஆண்டின் அடிப்படையில், ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே விலகல் கடிதத்தின் ஒரு நகலை நெறியாளர் வழியாகத் துறைக் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள். எழுத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு வகுத்த 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் விசாரணைக்கு இடமுண்டு; 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அந்தப் போலி இதழ் உங்கள் கட்டுரையை வெளியிட்டிருந்தால், மென்பொருள் அதை வேறொருவரின் எழுத்தாகவே காட்டும். அன்று உங்களுக்காகப் பேசப்போவது தேதியிட்ட அந்தக் கடிதம்தான்.