ஹூஸ்டனிலிருந்து ஒரு தங்கையின் கேள்வி

கேள்வி: எட்டு வருடம் ஐசியூவில் நர்ஸாக இருந்தேன். இப்போது குடும்ப மருத்துவத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்) படிப்பு முடித்து, அதற்கான போர்டு (தகுதிச் சான்று) தேர்வும் பாஸ். எங்கே விண்ணப்பித்தாலும் “இரண்டு வருட அனுபவம்” என்கிறார்கள். ஒரு சின்ன கிளினிக் மட்டும் கூப்பிடுகிறது. போகட்டுமா அக்கா?

பதில்: தங்கச்சி, எனக்கும் டல்லாஸில் ஏழு மாதம் இப்படியே போனது. ஐசியூ அனுபவத்தை அவர்கள் கணக்கில் சேர்க்காதபோது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவசரத்தில் கையெழுத்து மட்டும் போடாதே. நான் போட்டேன். முதல் வாரமே ஒரு நாளைக்கு இருபது நோயாளிகள். சந்தேகம் கேட்க டாக்டர் இல்லை. டெக்சாஸில் ஒரு டாக்டருடன் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் நாம் மருந்து எழுத முடியாது. அந்த டாக்டர் யார், போன் எடுப்பாரா என்று நேரில் பார்த்துக் கேள். முதல் மூன்று மாதம் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கு. வேலையை விட்ட பிறகு பழைய நோயாளி யாராவது வழக்குப் போட்டால், அதற்கு கிளினிக்கின் இன்சூரன்ஸ் உண்டா? இதை நான் கேட்கவே இல்லை. பின்னால் கைக்காசு போட்டேன்.

சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கற்றுக்கொடுக்கும் இடமென்றால் போ. அரசு மானியத்தில் நடக்கும் சமூக சுகாதார மையங்களையும் பார். டாக்டர் பற்றாக்குறையுள்ள ஊர்களில், தகுதி இருந்தால், படிப்புக் கடனில் ஒரு பகுதியை மத்திய அரசுத் திட்டமே அடைக்கும். நீ பயிற்சி எடுத்த கிளினிக்கின் மேற்பார்வையாளருக்கு இன்றைக்கே போன் செய். எனக்கு இரண்டாவது வேலை அப்படித்தான் கிடைத்தது.