ஆர்டென் மலையின் உச்சி: 694-ஆ, 700-ஆ, 747-ஆ?

பெல்ஜியம், லக்சம்பர்க், பிரான்ஸ் நாடுகளில் பரவிய ஆர்டென் மலைப்பகுதியின் உச்சிக்கு மூன்று உயரங்களைப் பார்த்துவிட்டு, படத்தில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 694 மீட்டர் என்றே எழுதுங்கள். பெல்ஜியத்தின் கிழக்கில், ஓட் ஃபான்யு சதுப்புப் பீடபூமியில் உள்ள சிக்னல் டு பொட்ரான்ஜ்தான் அந்த இடம்.

நீங்கள் பார்த்த 700 தப்பு இல்லை, கொஞ்சம் வேடிக்கை. 1923-இல் அங்கே ஆறு மீட்டர் உயரத்துக்கு மண்மேடு போட்டுப் படிக்கட்டும் வைத்தார்கள். பால்டியா மேடு என்று பெயர். அதில் ஏறி நின்றால் சரியாக 700! நாட்டின் உச்சிக்கு முழு எண் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள், பாவம்.

747 வந்தது ஜெர்மனியின் ஐஃபல் பகுதியிலிருந்து இருக்கும். ஹோஹே ஆஹ்ட் சிகரத்தின் உயரம் அது. நில அமைப்பில் ஐஃபலும் ஆர்டெனும் ஒன்றின் தொடர்ச்சி. அதனால் சிலர் சேர்த்தே எண்ணுவார்கள். உங்கள் வரைபடத்தில் அந்தப் புள்ளி எந்த நாட்டுக்குள் விழுகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. படத்தில் கூரான சிகரம் வரையாதீர்கள். தேய்ந்துபோன பழைய மலை இது. மேலே போனால் தட்டையான நிலம்தான். செங்குத்துச் சரிவெல்லாம் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. பெல்ஜியத்தில் உள்ள பூயோன் கோட்டையைச் செமுவா ஆறு வளைத்து ஓடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நாடுவாரியாகக் கேட்டிருந்தால் மட்டும் விடை மாறும்: லக்சம்பர்க்கில் உச்சி க்னைஃப், 560 மீட்டர்.