முட்டி வீங்கிய அந்த ஒரு நாள் காலை

கேள்வி: எனக்கு வயது 27. பத்து மாதமாக ஜிம்மில் பார்பெல் ஸ்குவாட், அதாவது எடைக் கம்பியைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்கிறேன். கடந்த ஆறு வாரத்தில் 60 கிலோவிலிருந்து 90 கிலோவுக்கு ஏற்றினேன். இப்போது வலது முட்டியில் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது இன்னும் அதிகம். உட்கார்ந்து எழுந்தால் நெறுநெறுவென்று சத்தம். முட்டி கால் விரலைத் தாண்டிப் போவதுதான் தப்பு என்கிறார்கள் நண்பர்கள். மூட்டு தேய்ந்துவிட்டது, நாற்பது வயதுக்குள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஜிம்முக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை முட்டி கொஞ்சம் உப்பியிருந்தது, இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டுமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? மூட்டுக்கு நல்லது என்கிற க்ளூகோசமைன் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: 27 வயதில், பெரிய அடி எதுவும் படாத முட்டி பத்து மாத ஸ்குவாட்டில் தேய்ந்து அறுவை சிகிச்சை வரைக்கும் போகாது. அந்தப் பயத்தை இன்றைக்கே இறக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஸ்குவாட்டை நிரந்தரமாக விட வேண்டியதும் இல்லை.

ஆனால் தம்பி, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த வீக்கம்தான் என்னை நிறுத்தியது. வலியைப் பற்றி இவ்வளவு எழுதியவர் வீக்கத்துக்கு ஒரே ஒரு வரி. நான் முதலில் கேட்பது அதைத்தான். சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது கூடுவது, இதெல்லாம் எடையை அவசரமாக ஏற்றியவர்கள் வழக்கமாகச் சொல்வது. முட்டி வீங்குவது அப்படி இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறம் கொஞ்சமே கொஞ்சம் திரவத்தைச் சுரந்து மூட்டை வழுவழுப்பாக வைத்திருக்கும், உள்ளே ஏதாவது உறுத்தும்போதுதான் அளவுக்கு மீறிச் சுரக்கும். அது ஜவ்வில், அதாவது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கிற மெத்தையில் விழுந்த கிழிசலாக இருக்கலாம், குருத்தெலும்பில் பட்ட காயமாக இருக்கலாம், தாங்கும் அளவுக்கு மேல் எடை ஏறியதால் வந்த வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஒரு மருத்துவர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் நீட்டித் தொடையைத் தளர்த்திவிடுங்கள். சில்லின் உட்பக்கம், அதாவது இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்க்கிற பக்கம், சின்னக் குழி ஒன்று தெரியும். முதலில் இடது முட்டியில் பாருங்கள், நல்ல முட்டி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. அப்புறம் வலதில் அந்தக் குழியைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை வழித்துவிட்டு, வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக வழியுங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் காலியாக இருந்த குழி மெல்ல அலை போல மேடாகும். அடுத்து குப்புறப் படுத்து, பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். குதிகால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வலது குதிகால் உயரமாக நின்றால் முட்டி முழுதாக நீளவில்லை என்று அர்த்தம்.

குழி மேடாகிறதா, குதிகால் உயர்ந்து நிற்கிறதா, இரண்டில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள், அதுவரை பார்பெல்லைத் தொட வேண்டாம். இரண்டும் இல்லையென்றாலும் ஒரு முறை காட்டத்தான் சொல்வேன், ஆனால் அவசரம் இல்லை. எழும்போது தட்டென்று ஏதோ அறுந்தது போலிருந்து சில மணி நேரத்திலேயே முட்டி பந்து மாதிரி வீங்கினாலோ, மடங்கிய இடத்திலேயே சிக்கி நீட்டவே வராமல் போனாலோ, காய்ச்சலோடு சிவந்து சூடாக வீங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு என்னிடம் வந்த ஒரு பையனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும், மாத்திரை போட்டுப் போட்டு இரண்டு மாதம் ஸ்குவாட் செய்துவிட்டு வந்தான். நடந்து வரும்போதே வலது முட்டி லேசாக மடங்கியே இருந்தது, அது அவனுக்கே தெரியவில்லை. படுக்க வைத்து முட்டிக்குப் பின்னால் கையை நுழைத்தேன், இடது பக்கம் கை நுழையவில்லை, வலது பக்கம் தாராளமாகப் போய் வந்தது. ஜவ்வு நீளவாட்டில் கிழிந்து, கிழிந்த பகுதி மூட்டின் நடுவே வந்து அடைத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கிழிசலைச் சீக்கிரம் பார்த்தால் தைத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அவன் வந்தபோது ஒரு பகுதியை வெட்டி எடுக்கத்தான் முடிந்தது. ஜவ்வை இழந்த மூட்டில்தான் பின்னாளில் தேய்மானம் சீக்கிரம் வரும். நீங்கள் பயப்படுகிற தேய்மானம் ஸ்குவாட்டால் வருவதைவிட, இப்படிக் கவனிக்காமல் விடுவதால் வர வாய்ப்பு அதிகம்.

அதனால் அந்த டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். யார் எழுதிக் கொடுத்தது? யாரும் இல்லை, இல்லையா? வலி மாத்திரை போட்டுக்கொண்டு 90 கிலோவைத் தோளில் ஏற்றும்போது, போதும் என்று முட்டி சொல்வது உங்களுக்குக் கேட்காது. வீக்கத்தையும் அது குறைத்துக் காட்டும், வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதைக்கூட இதனால்தான் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் தனிக் கதை. உடற்பயிற்சிக்கு முன்னால் போடுகிற மாத்திரை இல்லை அது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சத்தத்தோடு வலியோ வீக்கமோ சேர்ந்து வரவில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள், எத்தனையோ நல்ல முட்டிகள் நெறுநெறுக்கின்றன. முட்டி விரலைத் தாண்டுவது உடம்பு வாகைப் பொறுத்தது, தொடை நீளமானவர்களுக்குத் தாண்டாமல் கீழே இறங்குவது கஷ்டம். 2003-ல் வந்த ஓர் ஆய்வில் முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தாண்டவிடாமல் தடுத்தார்கள், முட்டியில் விழும் விசை சுமார் 22 சதவீதம் குறைந்தது, ஆனால் இடுப்பு மூட்டில் அது பத்து மடங்குக்கு மேல் ஏறியது. க்ளூகோசமைன் வேண்டாம், மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களிடமே 2006-ல் வந்த பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாகப் பலன் தரவில்லை. எம்.ஆர்.ஐ.யை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று ஒரு சொல்லைப் பார்த்துவிட்டால் நீங்கள் இன்னும் ஆறு மாதம் தூங்க மாட்டீர்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்துத் தேவை என்றால் எடுக்கட்டும்.

சரி, வலிக்கு வருவோம். ஆறு வாரத்தில் 30 கிலோ. தொடைத் தசை சீக்கிரம் பலமாகிவிடும், சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. வீக்கம் இல்லை என்று உறுதியான பிறகு எடையைப் பாதியாகக் குறையுங்கள், பின்னால் உயரமான பெட்டி ஒன்றைப் போட்டு அது வரைக்கும் மட்டும், மூன்று நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். முட்டி மடங்க மடங்க சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் ஏறும் என்பதால் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பத்துக்கு மூன்று என்ற அளவில் வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வரவில்லை என்றால் முந்தின நாள் செய்தது அதிகம். இடுப்புத் தசைக்கான பயிற்சிகளையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு சேர்த்துச் செய்யுங்கள், சில்லு வலிக்கு முட்டிப் பயிற்சியோடு அதுவும் உதவுகிறது. இரண்டு மூன்று மாதம் ஆகும். இரண்டே வாரத்தில் 90-க்குத் திரும்பப் பார்க்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்று ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், இரண்டு முட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மாத்திரை போடாமல் போங்கள். உட்கார்ந்ததும் சத்தத்தையும் கால் விரலையும் பற்றி ஆரம்பிக்காமல், முட்டி உப்பியிருந்த அந்தக் காலையையும் அதற்கு முந்தின நாள் எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.