மொன்றியல் கடைப்பலகையில் தமிழுக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: மொன்றியலில் ஆறு பணியாளர்களுடன் பலசரக்குக் கடை ஒன்றைத் திறக்கவிருக்கிறேன். ‘யாழ்ப்பாணம் ஸ்டோர்ஸ்’ என்று தமிழில் பெரிதாகவும், அதன் கீழே பிரெஞ்சில் சிறிதாகவும் பலகை வைக்க எண்ணம். கியூபெக் மாகாண மொழிச் சட்டம் சர்ச்சையில் இருப்பதால் எப்படியும் தளர்ந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். பலகையில் இரு மொழிகளின் அளவையும் இடம் மாற்றி எழுதக் கொடுங்கள்.

சர்ச்சை நடப்பது உண்மைதான். ஆனால் அது எதைப் பற்றியது என்பதில்தான் உங்கள் நண்பர்கள் தவறுகிறார்கள். ரெனே லெவெக்கின் மாகாண அரசு 1977இல் கொண்டுவந்த பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது 101ஆம் சட்டம், வணிகப் பலகைகள் பொதுவாகப் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. கனடா உச்ச நீதிமன்றம் 1988இல் அதைக் கருத்துரிமைக்கு முரணானது என்று தள்ளியது. எனினும், பிரெஞ்சுக்குத் தெளிவான முதன்மை கேட்பதில் தவறில்லை என்றும் சொன்னது. கனடாவின் உரிமைச் சாசனத்தை மீறியும் ஒரு சட்டத்தைச் செல்லுபடியாக்க இடமளிக்கும் அச்சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தி, ரொபேர் புராசாவின் அரசு வெளிப்புறப் பலகைகளில் தடையை நீட்டித்தது. 1993இல் அதே அரசு இறங்கிவந்து, நீதிமன்றம் சொன்ன முதன்மை விதியை ஏற்றது. பிரான்சுவா லெகோவின் அரசு 101ஆம் சட்டத்தை இறுக்கி 2022இல் நிறைவேற்றிய 96ஆம் சட்டமும் 33ஆம் பிரிவை முன்கூட்டியே துணைக்கு அழைத்துக்கொண்டது. அந்த வாக்கெடுப்பில் லிபரல் கட்சி எதிர்த்தது, சட்டம் அளவுமீறிப் போகிறது என்பதற்காக. கியூபெக் தனிநாடு கோரும் பார்ட்டி கெபெக்குவா கட்சியும் எதிர்த்தது, சட்டம் போதாது என்பதற்காக. பிரெஞ்சு முதன்மை பெற வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கில்லை. கியூபெக்கில் வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுவோரின் பங்கு 2016இல் 79 விழுக்காடாக இருந்து 2021இல் 77.5ஆகக் குறைந்த பிறகு, பலகை விதியைத் தளர்த்துவோம் என்று அங்கே வாக்குக் கேட்கத் துணிபவர் அரிது.

இனிப் பலகைக்கு வருவோம். வெளியிலிருந்து தெரியும் பலகையில், ஒரே பார்வையில் விழும் பரப்புக்குள், பிற மொழி எழுத்துக்குக் கொடுக்கும் இடத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு பிரெஞ்சுக்கு வேண்டும். எழுத்துப் பரப்பு 12 சதுர அடி என்றால் 8 சதுர அடி பிரெஞ்சு, 4 சதுர அடி தமிழ். தமிழ் எழுத்துக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் பிரெஞ்சுக்கும் எரிய வேண்டும். ‘ஸ்டோர்ஸ்’ ஆங்கிலப் பொதுச்சொல் ஆகையால் அதை விட்டுவிட்டு ‘எப்பிசெரி’ (பலசரக்குக் கடை) என்று பிரெஞ்சில் வையுங்கள். யாழ்ப்பாணம் ஊர்ப்பெயர், அதற்குத் தடையில்லை. அந்த 8 சதுர அடியை நிரப்ப, இலங்கை, இந்திய உணவுப் பொருட்கள் கிடைக்கும் என்ற விவரத்தையும் பிரெஞ்சிலேயே எழுதிவிடலாம். இந்தக் கணக்கில் ஆங்கிலமும் தமிழைப் போலப் பிற மொழிதான் என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. இலங்கையின் 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் வடுவைச் சுமந்து வந்தவர்களுக்கு மொழிச் சட்டம் என்றாலே கசப்பு எழும். ஆயினும், தமிழை அழி என்று இச்சட்டம் கேட்கவில்லை.

உள்ளே சிற்றுண்டி விற்பதானால் விலைப்பட்டியலும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். பிற மொழி அதைவிட எடுப்பாக இருக்கக் கூடாது. தோசை, வடை போன்ற அயல்நாட்டுப் பண்டங்களின் பெயர்களை அப்படியே விடலாம், விளக்கத்தைப் பிரெஞ்சில் எழுதுங்கள். இத்தாலிய உணவகம் ஒன்றின் பட்டியலில் ‘பாஸ்தா’ என்ற சொல்லைக் குற்றமாகக் கண்ட கியூபெக் அரசின் பிரெஞ்சு மொழி அலுவலகம் 2013இல் உலகச் சிரிப்புக்கு ஆளாகி, அதன் தலைவரே பதவி விலக நேர்ந்தது.

ஆறு பணியாளர்கள் இருப்பதால், அவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது என்பதை நிறுவனப் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும். மொழி அலுவலகத்தில் பதிந்து பிரெஞ்சுமயச் சான்று (பணியிடத்தில் பிரெஞ்சே பொது மொழி என்பதற்கான சான்று) பெறும் கடமை 25 பேர் முதல்தான். வாடிக்கையாளருக்குப் பிரெஞ்சில் சேவை பெறும் உரிமை உண்டு. ‘பொன்ஜூர், வணக்கம்’ என்று வரவேற்பதற்குத் தடை எதுவும் இல்லை.

மீறினால் நிறுவனத்துக்கு 3,000 முதல் 30,000 டாலர் வரை அபராதம்; மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகக் கணக்கிடப்படும். ஆகவே பலகைக்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன், அளவுகள் குறித்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, இரு மொழிகளின் பரப்பையும் நீங்களே அளந்து பாருங்கள்.