ஆலைக் கணினியில் மட்டும் ஏன் பிழை?

கேள்வி: நெல் கொள்முதல் கணக்குக்காக நான் எழுதிய நிரல் என் கணினியில் சரியாக இயங்குகிறது, அரிசி ஆலையின் விண்டோஸ் கணினியிலோ, எடையைப் பதியும்போதே ‘ஆன்’ (ON) என்ற சொல்லருகே தொடரியல் பிழை என்று காட்டி நின்றுவிடுகிறது. தரவுத்தளம் எஸ்கியூலைட். என்ன செய்யலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: குறுவை அறுவடையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது எடைப்பதிவு நின்றால் எவ்வளவு சிரமம் என்பது புரிகிறது. கோளாறு உங்கள் நிரலில் இல்லை, பதிப்பு வேறுபாட்டில்தான் இருக்கிறது என்றே கருதுகிறேன். ‘பதிவு இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்னும் கட்டளை, எஸ்கியூலைட்டில் 2018-இல் வெளிவந்த 3.24.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. வேறொரு மென்பொருள் நிறுவிய பழைய டிஎல்எல்லை (நிரல்கள் இயங்கும்போது எடுத்துக்கொள்ளும் எஸ்கியூலைட் நூலகக் கோப்பை) உங்கள் நிரல் அங்கே எடுத்துக்கொண்டால், அக்கட்டளையில் வரும் ‘ஆன்’ என்ற சொல்லிலேயே அது தடுமாறும். நிரல் தொடங்கியதும் நூலகத்தின் பதிப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் தெளிவான செய்தியுடன் நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்ல வழி, நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்துவிடுவது. எஸ்கியூலைட் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய சி மொழி நிரலாக, ஒற்றைக் கோப்பாகவே கிடைப்பதால் இதற்குத் தடையேதும் இல்லை. பழைய டிஎல்எல்லை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள் முடங்கிவிடும். டிஎல்எல்லாகவே தர வேண்டுமானால் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வையுங்கள். 32 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகமே பொருந்தும்.