14 பேருக்கும் ஒரே சிறப்பு வகுப்பா?

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் 36 பிள்ளைகள். பருவத் தேர்வில் 14 பேர் மொழிப்பாடத்திலும் கணக்கிலும் 40-க்குக் கீழே. தலைமையாசிரியர் சொன்னபடி 14 பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு மாதமாக மாலையில் சிறப்பு வகுப்பு எடுக்கிறேன். முன்னேற்றமே இல்லை. இதில் ஒரு மாணவியின் அம்மா, "என் பிள்ளையை ஏன் மக்குகளோடு சேர்த்தீர்கள்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 14 என்ற எண்ணைப் பார்ப்போம். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள மூன்று நிலை முறையில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். வகுப்புப் பாடம் நன்றாக அமைந்தால் நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்கு அதுவே போதும். 15 பேருக்குச் சிறு குழுவில் கூடுதல் உதவி வேண்டும். மீதி 5 பேருக்குத் தீவிரமான தனிக் கவனம். இது கறாரான விதி இல்லை. ஆனாலும் ஐந்தில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தவிக்கிறார்கள் என்றால், சிறப்பு வகுப்புக்கு முன்னால் பகல் வகுப்பைத்தான் கவனிக்க வேண்டும். உங்களைக் குறை சொல்லவில்லை. முந்தைய வகுப்புகளில் விட்டுப்போன ஏதோ ஒன்று, தேர்ச்சி பெற்றவர்களிடமும் ஓட்டையாக இருக்கலாம்.

விடைத்தாள்களை மறுபடி எடுங்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தவறுகளை மட்டும் பாருங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளை இருக்கும். அது கவனக்குறைவு இல்லை. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3 என்று, எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது அந்தப் பிள்ளை. இன்னும் நூறு கணக்கு கொடுத்தாலும் நூறும் அப்படித்தான் வரும். அதற்கு வேண்டியது பயிற்சித்தாள் அல்ல. ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் என்பதைக் குச்சிக்கட்டை அவிழ்த்துக் காட்டுவது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கழித்தல் நன்றாகவே வரும், கணக்கின் வாக்கியத்தைப் படிக்கத்தான் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே மாலை வகுப்பு. பலன் எப்படி வரும்?

வாசிப்புக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோவும் குழுவினரும் வளர்த்தெடுத்தது. முன்பு பார்க்காத பத்தியை ஒரு நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். இப்படி மூன்று பத்திகள். மூன்று எண்களில் நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லவும் கேளுங்கள். எழுத்துக்கூட்டவே திணறுபவர் யார், சரளமாகப் படித்தும் புரியாமல் நிற்பவர் யார் என்று தெரிந்துவிடும். 36 பேருக்கும் செய்யுங்கள். 45 வாங்கித் தப்பித்தவர்களில் சிலரும் சிக்குவார்கள்.

அப்புறம் குழு. ஒரே இடத்தில் சிக்கியவர்கள் மூன்று முதல் ஐந்து பேர், வாரத்தில் மூன்று நான்கு நாள், அரை மணி நேரம், ஒரே ஒரு திறன். முடிந்தால் பள்ளி நேரத்திலேயே. ஆனால் புதுப் பாடம் நடக்கும்போது பிள்ளையை வெளியே எடுக்காதீர்கள். விளையாட்டு நேரத்தையும் பிடுங்காதீர்கள், அது தண்டனையாகிவிடும்.

வாரம் ஒரு முறை அதே ஒரு நிமிடச் சோதனை. இருக்கும் இடத்திலிருந்து இலக்கு வரை தாளில் ஒரு கோடு போட்டு, வாரா வாரம் புள்ளி வையுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் விதத்தை மாற்றுங்கள். எட்டிவிட்ட பிள்ளையை உடனே குழுவிலிருந்து விடுவியுங்கள்.

இத்தனைக்கும் அசையாத ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்குத் தனி ஆளாகத் தினமும் நேரம் வேண்டும். பார்வையும் செவியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு என்று சந்தேகம் வந்தால், எல்லா நிலைகளும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மூன்று நிலை முறையைக் காரணம் காட்டி நிபுணர் மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித் துறையே 2011-இல் மாநிலக் கல்வி அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அம்மாவின் கோபம் நியாயமானது. 'மெல்லக் கற்பவர்' பட்டியல் என்று எதையும் அவரிடம் நீட்டாதீர்கள். மகளின் விடைத்தாளைக் காட்டி, "இவளுக்கு இந்த இடம் மட்டும் வரவில்லை, ஆறு வாரம் இதைத்தான் செய்யப் போகிறோம்" என்று சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அந்தப் புள்ளித் தாளோடு அவரை மறுபடி கூப்பிடுங்கள், புள்ளிகள் ஏறாவிட்டாலும் சரி.